நாலு மணித் தேநீரும் நிற்பவர்களும்

ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, தென்காசித் தெருக்களில் சாரலைத் தூவ ஆரம்பித்துவிட்டால், இந்த ஜில்லாவில் மனிதர்களுக்கு இரண்டு ஆசைகள் உண்டாகின்றன. ஒன்று, குற்றாலத்துக்குப் போய் அருவியில் தலையைக் கொடுப்பது. மற்றொன்று, தலையைத் துவட்டுமுன்பே ஒரு கிளாஸ் சூடான தேநீரைக் கையில் வாங்கிக்கொள்வது. முதல் ஆசையைப் புலவர்கள் வேண்டிய மட்டும் பாடிவிட்டார்கள். இரண்டாவதைப் பாடவில்லை, அவர்கள் காலத்தில் அந்தப் பானம் இங்கே வந்து சேரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே கடைப் பெஞ்சில் வந்து உட்காருகிறோம். டீ மாஸ்டர் ஒரு கையை வானத்துக்கும் ஒரு கையைப் பூமிக்குமாக நீட்டி, தேநீரை ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார். நுரை ததும்பும் கிளாஸும், அதற்குத் துணையாக மிளகாய் பஜ்ஜியும் வருகின்றன. பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுக்கத் தரும் பழைய பத்திரிகைத் தாளில் சில சமயம் நம்முடைய தலையங்கமே இருப்பதுண்டு. நமது எழுத்து இவ்வளவு பிரயோஜனப்பட்ட இடம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

இதே நாலு மணித் தேநீரைச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலிலும் நாம் அருந்தியிருக்கிறோம். வழக்கில் ஜெயித்த கட்சிக்காரர் ஒருவர் அழைத்துச் சென்றார். மூன்று அடுக்குத் தட்டில், கீழே வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகள், நடுவில் ஸ்கோன் என்னும் மாப் பண்டம், மேலே விரல் நீளக் கேக்குகள். வெள்ளிக் கெண்டியில் தேநீர் தனியாக, பால் தனியாக, சர்க்கரை தனியாக. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பையன் நம் நாற்காலிக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றான். நாம் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் புன்னகை செய்தான். பண்டங்கள் ருசியாகவே இருந்தன, பொய் சொல்லுவானேன்? ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்றுகொண்டிருக்கும்போது தேநீர் தொண்டையில் சரியாக இறங்குவதில்லை.

இந்த உபசாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1840-களில், பெட்போர்ட் பிரபுவின் மனைவியான அன்னா மரியா என்ற சீமாட்டி, இராப் போஜனம் எட்டு மணிக்கு மேல் ஆகிவிடுவதால் பிற்பகலில் பசி தாங்காமல் தேநீரும் ரொட்டியும் வரவழைத்து உண்டாளென்றும், சிநேகிதிகளும் அதைப் பின்பற்றினார்களென்றும் சொல்லுவார்கள். ஒரு சீமாட்டியின் பசி ஒரு தேசத்தின் சம்பிரதாயமாயிற்று. அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்தது 1839-ல். ஆக, வழக்கமும் சரக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கிளம்பின. 

நம் நாட்டில் பிற்பகலுக்கு மோரும் பானகமும் பதநீரும் சுக்கு நீரும் இருந்தன. தேயிலை தானாக வரவில்லை, கொண்டுவந்து ஊட்டினார்கள். தோட்ட முதலாளிகள் தாங்களே கேட்டு, 1903-ல் ஏற்றுமதித் தேயிலையின்மேல் ஒரு வரி போடச் செய்து, அந்தப் பணத்தில் பிரசாரம் நடத்தினார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் இனாமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். காந்தியடிகள் 1942-ல் சிறையிலிருந்தபடி ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது தேநீரும் காப்பியும் உடம்புக்கு வேண்டாதவை என்றே முடிவு கூறினார். இன்றும் நம் தேச பக்த நண்பர்கள் சிலர், "அந்நியன் கற்பித்த பழக்கத்துக்கா பரிந்து பேசுகிறீர்?" என்று நம்மைக் கேட்பதுண்டு. அவர்களுடைய ஆட்சேபத்துக்குத் தலை வணங்குகிறோம். கிளாஸை மட்டும் கீழே வைக்க மாட்டோம். ரயிலும் அச்சு யந்திரமும் வந்த வழியிலேதான் தேயிலையும் வந்தது. வந்தவன் போய்விட்டான், வந்த பொருள் நம்முடையதாகிவிட்டது. மண் நம்முடையது, பறித்த கை நம்முடையது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு.

அதைக் கேட்பதற்கு முன் வீட்டுத் தேநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கச்சேரி முடிந்து தென்காசியில் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வருகிறதே, அதற்கு எந்த ஹோட்டலும் ஈடில்லை. எங்கள் வீட்டில் கருப்பட்டி போடுவார்கள். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும். இறக்கி வைத்துச் சற்று ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். இந்தச் சூட்சுமம் வெள்ளிக் கெண்டிக்காரர்களுக்குத் தெரியாது. கூடவே ஒரு கிண்ணத்தில் முறுக்கு. விருந்தோம்பலுக்குப் பேர் போன ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு ஒரு தம்ளர் தேநீராவது கொடுக்காமல் அனுப்புவது அழகல்ல என்பது நம் வீட்டுக் கொள்கை.

கொள்கை நம்முடையது, கைவேலை வேறொருவருடையது. ஒரு நாள் தற்செயலாக அடுக்களைக்குள் போனோம். வீட்டு அம்மாள் அடுப்பங்கரையில் நின்றபடியே, நாம் குடித்து முடித்த பிறகு மிஞ்சிய ஆறிய தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது! கட்சிக்காரனுடைய உரிமைக்காகக் கோர்ட்டில் தொண்டை கிழியப் பேசுகிறவனுக்கு இது கண்ணில் படவில்லை. 

அன்று முதல் எங்கே தேநீர் குடித்தாலும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் உண்டாகிவிட்டது. சென்ற சாரலில் ஐந்தருவிக் கடையில் டீ மாஸ்டரைச் சற்று உட்காரும்படி சொன்னோம். காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்பவர். "சீசன் முடிஞ்ச பொறவு உக்காந்துக்கிடலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கிளாஸை எடுத்தார்.

நம் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடைப் பெஞ்சு எல்லோருக்கும் பெஞ்சாக இருந்ததில்லை. சிலருக்குத் தனிக் குவளை. அவர்கள் அதைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெளியே குத்தவைத்துக் குடித்துவிட்டுப் போகவேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ரயில் சேரன்மாதேவியில் நிற்கும்போதெல்லாம், வ.வே.சு. ஐயர் 1922-ல் அங்கே அமைத்த தேசியக் குருகுலமும், அது தனிப் பந்தி விவகாரத்தில் உடைந்துபோன விதமும் நினைவுக்கு வருகின்றன. தேசத்தின் விடுதலைக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனமே சேர்ந்து உட்காருவதில் தோற்றது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் 17-வது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கலாகாதென்று 15-வது ஷரத்து கூறுகிறது. அதற்குப் பின்னும் எத்தனை கடைகளில் அந்தத் தனிக் குவளை தொங்கிற்று என்பது வாசகர்களில் பலருக்கு நேரில் தெரியும்.

உட்காருவதற்குச் சட்டமா என்று சிரிக்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை, கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டுமென்று விதித்தது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களின் கால் வலியிலிருந்து பிறந்த சட்டம் அது. மூன்று வருஷத்துக்கு முன்பே கேரளம் இதைச் செய்துவிட்டது. குற்றாலத்துச் சீசன் கடைக்கு இச்சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்று வக்கீல்கள் வாதம் செய்யலாம். கடைக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் அனுமதிச் சீட்டில் ஒரு வரி சேர்த்தால் வாதத்துக்கே இடமிராது. ஒரு முக்காலி என்ன விலை?

குற்றாலத்து மலை தெற்கே நீண்டு, பாபநாசத்தைத் தாண்டி, மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலையாகிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் அங்கே எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் எழுந்தன. அட்டை கடிக்க, சாக்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் நின்றபடியே கொழுந்து பறித்தார்கள். ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு தரவேண்டுமென்று 1951-ல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சீமாட்டிக்குப் பசித்த நேரம் இவர்களுக்குச் சட்டம் போட்டுத்தான் கிடைக்கவேண்டியிருந்தது. கூலி உயர்வும், சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23-ந் தேதி திருநெல்வேலிக் கலெக்டர் கச்சேரிக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்திற்று. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று கைக்குழந்தை.

குத்தகை 2028-ல் முடிகிறது. கம்பெனி அதுவரை காத்திராமல், 2024-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை நிறுத்தியது. அவர்கள் குடியிருந்ததோ கம்பெனி வீடு. வேலை போனால் கூரையும் போகும். காடு காடாகட்டும், புலிகள் வாழட்டும்; அதற்கு நாம் விரோதியல்ல. ஆனால் நாலு தலைமுறையாக மலைமேல் வாழ்ந்தவர்களைக் கீழே இறக்கும்போது, பட்டாவுடன் மனையும், கட்டி முடித்த வீடும், உழைக்க வேலையும் கொடுத்தல்லவா இறக்கவேண்டும்? சட்டசபையிலுள்ள நெல்லை, தென்காசி ஜில்லா அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் சர்க்காரை இரண்டு எண்கள் கேட்கட்டும்: இறக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, பட்டா பெற்ற குடும்பங்கள் எத்தனை? பதில் கிடைத்த மறுநாளே இந்தப் பக்கத்தில் அவற்றை அச்சிடுவோம்.