ஆபரேஷனுக்குப் பின்னும் ஒரு விதிமுறை வேண்டும்

பாகாலா ஜங்ஷனிலிருந்து ஒரு பாதை திருப்பதிக்கும், மற்றொன்று சித்தூர் வழியாகக் காட்பாடிக்கும் செல்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தால், பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான் குடும்பத்தாருக்கு வழி. வேலூரில் 1900-ம் ஆண்டு டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது. தேவஸ்தானம் தந்த நிலத்தில் டாட்டா அறக்கட்டளை எழுப்பிய புற்றுநோய் ஆஸ்பத்திரியும் 2022-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆகவே, நல்ல டாக்டரைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உள்ள சில நாட்களைத்தான்.

இது சிலருக்கு மட்டும் வரும் துன்பமல்ல. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்கள் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. சினைப்பைப் புற்றுநோய் வேறு.

பழைய வழக்கம் எல்லோரும் அறிந்ததே. முந்திய இரவிலிருந்தே பட்டினி. குடலைச் சுத்தம் செய்ய எனிமா. ஆபரேஷன் முடிந்து காற்றுப் பிரியும் வரை வாயில் தண்ணீர் கூடக் கிடையாது. நாள் கணக்கில் படுக்கை. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஹென்ரிக் கெலட் 1990-களில் இவற்றை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். அவர் காட்டிய வழியில், பெண்களின் புற்றுநோய் ஆபரேஷனுக்கென்றே 2016-ம் ஆண்டு உலக நிபுணர்கள் விதிமுறை வகுத்தனர். 2019-ல் அதைத் திருத்தினர்.

அதன் சாரம் எளியது. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு வரை லேசான ஆகாரம், 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீராகாரம் தரலாம். எனிமா எல்லோருக்கும் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குள் உணவு தொடங்கலாம். மூத்திரக் குழாயைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். மார்பின் போன்ற மருந்து குடலை மந்தப்படுத்துவதால், வேறு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அதைக் குறைக்க வேண்டும். நோயாளியை விரைவில் எழுப்பி நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். புற்றுநோயாளிக்கு இந்த அபாயம் அதிகம். அதனால், வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு 28 நாட்கள் வரை உறைவுத் தடுப்பு ஊசி போடச் சொல்கிறார்கள்.

பலன் என்ன? 31 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கணக்கின்படி, ஆஸ்பத்திரி வாசம் சராசரியாக ஒன்றரை நாளுக்கு மேல் குறைந்தது. சிக்கல்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வீடு திரும்பியவர்கள் மறுபடி அட்மிட் ஆவதும் குறைந்தது. புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமில்லை. உடன் செல்பவருக்கும் முக்கால் பங்கு சலுகை உண்டு. ஆனால் துணைக்கு இருப்பவர் இழக்கும் தினக்கூலிக்குச் சலுகை தருபவர் யார்? ஏழைக் குடும்பத்துக்கு ஒன்றரை நாள் என்பது சிறிய விஷயமல்ல.

இவற்றில் பலவற்றுக்குப் புதிய இயந்திரம் வேண்டாம். எல்லோரும் ஒரே மாதிரி செய்வதுதான் வேண்டும். எந்த ஸ்டேஷன் மாஸ்டர் டூட்டியில் இருந்தாலும் சிக்னல் விதி ஒன்றே. அதனால்தான் ரயில் பத்திரமாகப் போய்ச் சேருகிறது. காலை டூட்டி டாக்டர் கஞ்சி கொடுக்கச் சொல்ல, இரவு டூட்டி நர்ஸ் கூடாது என்று தடுத்தால் நோயாளி என்ன செய்வாள்? விதிமுறை வார்டுச் சுவரில் இருக்க வேண்டும். நாள்தோறும் எது செய்யப்பட்டது என்பது குறிக்கப்படவும் வேண்டும்.

எல்லா நோயாளிக்கும் எல்லா விதியும் பொருந்தாது என்பது உண்மையே. கர்ப்பப்பையைச் சுற்றிய திசுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷனில் மூத்திரக் குழாய் அதிக நாள் இருக்க நேரலாம். குடல் அடைப்பு உள்ளவருக்கு உணவு தாமதமாகலாம். அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் விதியிலிருந்து விலகுவதற்குக் காரணம் இருக்க வேண்டும். பழைய பழக்கம் மட்டுமே காரணமாகக் கூடாது.

நம் வீட்டாரும் மாற வேண்டும். "பச்சை உடம்பு, அசையாதே" என்று படுக்க வைப்பதும், பத்தியம் என்ற பெயரில் முட்டை, பருப்பைத் தள்ளி வைப்பதும் அன்புதான். ஆனால் அந்த அன்பே காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஆந்திரத் தமிழருக்கு இன்னொரு சங்கடம். தெலுங்கு பேசுவார்கள்; படிக்க எல்லோருக்கும் வராது. ஆங்கிலச் சீட்டு பலருக்குப் பயன்படாது. வேலூருக்குப் போகும் தெலுங்குப் பெண்களுக்கும் இதே கஷ்டம் நேரக்கூடும். ஆகவே, இரு மாநில ஆஸ்பத்திரிகளும் ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு, ஆபரேஷனுக்கு முன்பே நர்ஸ் மூலம் படித்துக் காட்ட வேண்டும். எப்போது சாப்பிடலாம், எப்போது நடக்கலாம், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். செலவு ஒரு காகிதம்தான். ஆஸ்பத்திரி நிர்வாகிகள் மனம் வைப்பார்களா?