கால் நகமும் கோவில் வாசலும்

கழன்று விழுந்த கால் நகத்தைப் பற்றி எழுதுவதற்கும் ஒரு பத்திரிகைக்காரன் வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆடிவேல் நெருங்கும்போதெல்லாம் எழுதத்தான் தோன்றுகிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில் நோக்கி வேல் இரதம் வரும் வழியில், தார் வீதியில் வெறுங்காலுடன் நடப்பவர்களுள் முதியவர்களும் நீரிழிவுக்காரரும் கணிசமாக உள்ளனர்.

கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். கால் நகம் அதில் பாதிதான். அடிபட்டோ, இறுக்கமான சப்பாத்தினாலோ கழன்ற பெருவிரல் நகம் முழுதாக முளைக்க 12 முதல் 18 மாதங்கள் செல்லும். அதுவரை நகத்தடிச் சதைக்குக் கவசமில்லை. நாள்தோறும் கழுவி, விரலிடுக்கு உட்பட ஈரம் ஒற்றி, சிறிது வசலின் பூசி, உராயும் இடமாயின் பிளாஸ்டர் இட்டுக்கொள்ளலாம். விரல் நெருக்காத அகன்ற முனைச் சப்பாத்து வேண்டும். குளிர்நாட்டில் பனிக்காலச் சப்பாத்து அணியும் வாசகர்களுக்கு இது இன்னும் முக்கியம். புதிய நகம் நேராக வெட்டப்படவேண்டும். ஓரங்களை வளைத்து வெட்டினால் சதைக்குள் குத்தி வளரும். சொரசொரப்பான விளிம்பைத் தொலைக்காட்சி பார்த்தபடி கையால் பிய்த்தெடுக்கும் பழக்கம் நம்மவரிடையே பரவலானது, பெருங்கேடு அது.

நீரிழிவு பாத நரம்புகளைக் கெடுத்துவிட்டால் கல் குத்தினாலும் நோவு தெரியாது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, உணர்வற்ற உறுப்பில் கவனிக்கப்படாத காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, நீரிழிவுக் கால்களுக்கும் அது பொருந்தும் என்பதை வற்புறுத்தினார். நோவு ஒரு காவற்காரன் என்பதை அவரளவு உணர்ந்தோர் சிலரே.

ஆகவே என் கருத்து இது: நகம் முளைத்துக்கொண்டிருக்கும் நீரிழிவுக்காரர் வீதியில் செருப்பணிந்தே இரதத்தின் பின் செல்லட்டும். வீதி கருவறையன்று. கோவிலுக்குள் காலணி கழற்றும் மரபில் எனக்கு மாறுபாடில்லை. எனினும், சுத்தமான துணிக் காலுறையை அறங்காவலர்கள் அனுமதித்து, வாசலில் ஓர் அறிவித்தலும் தொங்கவிடலாம். ஈரத் தரையில் துணி வழுக்கும் என்பார்கள். அடியில் வழுக்காப் பிடிப்புள்ள காலுறைகளும் உண்டு. இதற்கு ஆகம விவாதம் தேவையென்று நான் கருதவில்லை.

வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கண் தெளிவற்றவராயின் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு, சூடு, வீக்கம், நீர்க்கசிவு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் காலையே மருத்துவரிடம் செல்லவேண்டும், வலி சற்றும் இல்லாவிடினும்.