எடைக்குப் போன எழுத்து

காக்ஸ் டவுனில் எங்கள் பெரியப்பா வீட்டை அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்தார்கள். பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஊரிலிருந்து வந்த கார்டுகள், சீட்டுக் கணக்கு, அத்தைமார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்ற நோட்டு எல்லாம் அதில். "ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் அண்ணே" என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நான்காவது வாரம் போனால் பெட்டி காலி. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று. அண்ணன்மேல் கோபமில்லை, தவறு என்னுடையது.

இந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் மார்மன் சபையாரைப் பற்றிப் படித்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டையுமாக இருவர் இருவராகச் செல்லும் இளைஞர்களை வாசகர்கள் சிலர் நம் ஊரிலும் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் 1830 ஏப்ரல் 6-ஆம் தேதி அந்தச் சபை தொடங்கிய அன்றே, நடப்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வேதவாக்காகிவிட்டது. 1847 முதல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் யூட்டாவில் குடியேறியவர்களில் சாதாரண உழவர்களும் குடும்பப் பெண்களும்கூட நாட்குறிப்பு எழுதினார்கள்.

அந்த யூட்டாவிலிருந்து 1852-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர், கையில் காசை நம்பாமல், மனைவி மக்களை விட்டுப் புறப்பட்டார். கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் சென்னைக்கு வந்து இறங்கினார். துணைக்கு இருவர். பிரசங்கம் செய்தார், ஆங்கிலத்தில் மாத இதழ்கூட அச்சிட்டார். சேர்ந்தவர்களோ மிகச் சிலர். மறு ஆண்டே கப்பலேறிவிட்டார். ஊர்க்கணக்கில் பார்த்தால் தோல்விதான். ஆனால் அவருடைய நாட்குறிப்பு இன்றும் சால்ட் லேக் நகரில் சபையின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தியா வந்த அந்த முதல் ஊழியர்களின் எழுத்துகளை வைத்து லேனியர் பிரிட்ச் என்பவர் 1999-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அவர்கள் கொள்கை எனக்கு ஒத்துவராது, அது வேறு பேச்சு. என்னை உறுத்துவது இதுதான். ஓராண்டு தங்கித் தோற்றுப் போனவர் என்ன செய்தார் என்று 170 ஆண்டுக்குப் பிறகும் தெரிகிறது. 1809-இல் தண்டு அமைந்த காலம் முதல் பெங்களூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர் வீடுகளில் என்ன இருக்கிறது? வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதிரிமாரும் எழுதியதை வைத்துத்தான் நம் கதையை நாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழனுக்கு எழுதி வைக்கும் பழக்கமே இல்லை என்பார்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினாரே! எழுதினோம், காக்கத்தான் தவறினோம். "எங்க தாத்தா என்ன பெரிய ஆளா?" என்று கேட்பவர்களுக்கு, யூட்டாவுக்கு வண்டி கட்டியவர்களும் பெரிய ஆட்கள் அல்லர்.

நமக்கு இன்னொரு அவசரமும் உண்டு. காகிதக் கடையில் குவியலைக் கிளறியதில் மொய் நோட்டின் ஒரே ஒரு தாள் கிடைத்தது. என் மகளிடம் காட்டினேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த பிள்ளை. எழுத்துக்கூட்டி "கோலார் மாமா, 5 ரூபாய்" என்று படித்தாள். "யாருப்பா அந்த மாமா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். காகிதத்தைக் காப்பது பாதி வேலைதான். அதில் உள்ள பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்வது மீதிப் பாதி.

நம் சங்கத்தில் இதற்கென ஒரு பீரோ ஒதுக்கினால் போதும். அசலை வீட்டார் வைத்துக்கொள்ளட்டும், நகல் இங்கே இருக்கட்டும். நகலெடுக்கும் செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எழுப்பப் போகிறேன். அதுவரை அன்பர்கள் தங்கள் வீட்டுப் பரணை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.