லிங்க் அனுப்பியாச்சுன்னா பாடம் நடந்துடுச்சா?

மழை லீவுன்னா குஷிதானே? எங்க வாணியம்பாடியில, பக்கத்து வீட்டு எட்டாம் கிளாஸ் பையனுக்குப் போன மழை சீஸன்ல குஷி ஒரே நாள்தான். அடுத்த நாள் உர்ர்ருன்னு வந்து நின்னான். "அண்ணா... லீவு நாள்ல எப்படிண்ணா ஆப்சென்ட்?"

மேட்டர் இதுதான். கலெக்டர் லீவு விட்டாச்சு. ஆனா ஸ்கூல்ல இருந்து, காலையில ஆன்லைன் கிளாஸ்னு அவன் அப்பா செல்லுக்கு மெசேஜ். அப்பா டேனரியில வேலையா இருக்கார், அம்மா ஷூ கம்பெனியில. வீட்டுக்கு இருக்கறது அந்த ஒரே ஸ்மார்ட்போன். ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்து மெசேஜைப் பார்க்கறப்போ கிளாஸே முடிஞ்சு போச்சு!

சிரிப்பு வரல பாஸ். இந்தப் படத்துல நானும் நடிச்சிருக்கேன். 2020-21ல நான் பத்தாம் கிளாஸ். கொரோனா லாக்டவுன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே செல். டிரிகோனோமெட்ரியைப் பாதி வீடியோவுல, பாதி பஃபரிங்ல பார்த்தேன். எக்ஸாமே இல்லாம ஆல் பாஸ்! ஊரே கொண்டாடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜ் முதல் செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வெச்சு, அதே டிரிகோனோமெட்ரி என்னைப் பழிவாங்குச்சு.

நம்ம பிரச்னை உலகப் பிரச்னையும்கூட. 2020 ஆகஸ்ட்ல யுனிசெஃப் சொன்ன கணக்குப்படி, ஸ்கூல் மூடின நேரத்துல குறைஞ்சது 46.3 கோடி பசங்களுக்கு வீட்டிலிருந்து படிக்க வழியே இல்லை.

வழி யாருக்கும் தெரியாதான்னா, அதுவும் இல்லை. 2020 ஜூலையில மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டியில எல்லாம் இருக்கு. எட்டாம் கிளாஸ் வரைக்கும் ஒரு நாளைக்கு 30 - 45 நிமிஷ கிளாஸ் ரெண்டுக்கு மேல வேண்டாம். கம்ப்யூட்டர் உள்ள வீடு, ஸ்மார்ட்போன் உள்ள வீடு, டி.வி. மட்டும் உள்ள வீடு, எதுவுமே இல்லாத வீடுன்னு பிரிச்சுப் பார்த்துத் திட்டம் போடுங்கன்னு சொல்லுது. நம்ம அரசும் 2019ல ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சியில லாக்டவுன் பாடங்களை ஒளிபரப்புச்சு. செல் இல்லாத வீட்டுக்கும் பாடம் போகணும்னு யோசிச்சதாலதான் அது நடந்தது.

அதனால ஸ்கூல்களுக்கு மூணே மூணு ரிக்வெஸ்ட். ஜூன்லயே, எந்த வீட்டுல பகல்ல செல் இருக்கும்னு கேட்டு எழுதி வைங்க. இல்லாத பசங்க பையில, மழைக்கு முன்னாடியே ஒர்க் ஷீட் போட்டு அனுப்புங்க. லீவு நாள்ல அட்டெண்டன்ஸ் எடுக்காதீங்க, ப்ளீஸ்!

நமக்கும் வேலை இருக்கு. 2021 அக்டோபர்ல தொடங்கின 'இல்லம் தேடிக் கல்வி' ஞாபகம் இருக்கா? ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக் கொடுக்க, தன்னார்வலரா வர்றவங்க ப்ளஸ் டூ முடிச்சிருந்தாலே போதும்னாங்க. அப்போ நாம எல்லாரும் பாஸ்தானே?

இப்போ மழை லீவுன்னா அந்தப் பையன் புக்கோட எங்க வீட்டுக்கு வந்துடறான். ஆப்சென்ட் மட்டும் ரெஜிஸ்டர்ல அப்படியே இருக்கு!