உச்சம் எவ்வளவு என்று யார் பார்ப்பது?

2021 மே 26, நண்பகல். அஸ்த்ராஸெனெகா தடுப்பூசி முன்பதிவு தொடங்கியதும் அரசாங்க இணையத்தளம் திணறியது. பொறுப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மே 2ஆம் தேதி முதல் சுற்றிலேயே 268,600 இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்திருந்தன. எவ்வளவு கூட்டம் வரும் என்பதற்கான குறிப்பு கையிலேயே இருந்தது!

தஞ்சோங் மாலிமில் கணினி படிக்கும் எங்களுக்குள் இப்போது குபர்நெட்டிஸ் பேச்சுதான். கூகுள் 2014இல் வெளியிட்ட இந்த மென்பொருள், பல கணினிகளை ஒரே கூட்டாக்கி, செயலிகளைக் கொண்டெய்னர்களில் இயக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு என்று நாம்தான் எழுதித் தர வேண்டும். பயந்துகொண்டு அதிகமாக எழுதினால், விருந்தில் துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி மாதிரி, யாரும் உட்காராமலே இடம் அடைபட்டுக் கிடக்கும். உச்சவரம்பைக் குறைத்து வைத்தாலோ, நினைவகம் அதைத் தாண்டியதும் செயலி நிறுத்தப்படும்.

“அதான் தானாகவே விரிவடையும் வசதி இருக்கே!” என்பார்கள் நண்பர்கள். இருக்கிறது. ஆனால் சிபியு பயன்பாட்டை அது நாம் எழுதிய அளவுக்கு எத்தனை விழுக்காடு என்றுதான் பார்க்கும். அந்த அளவே தவறென்றால்? மேலும், புதிய கொண்டெய்னர் எழுந்து நிற்கச் சிறிது நேரமாகும். பன்னிரண்டு மணிக் கூட்டம் அதுவரை காத்திருக்காது.

கோயில் அன்னதானத்துக்குச் சமைப்பவர்கூட போன வருடம் எத்தனை கிலோ அரிசி போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்று விசாரித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார். நம் இறுதியாண்டுத் திட்டங்களிலோ செயலி ஓடினாலே மதிப்பெண். இரண்டு வாரப் பயன்பாட்டு வரைபடத்தையும் கேட்கட்டும் விரிவுரையாளர்கள். சராசரி வேண்டாம், உச்சத்தைக் காட்டும் வரைபடம்.