செவிலியர் பதிவேடும் கள்ளிப்பாலும்

தருமபுரி மாவட்டத்தில் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிக் கொல்வது 1990-களில் ஊரறிந்த ரகசியம். எந்தக் கிராமத்தில், எத்தனை என்று கேட்டால்தான் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். விடை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் கிடந்தது.

சிசு இறந்தால் கிராம சுகாதார செவிலியர் ஆணா பெண்ணா, பிறந்த எத்தனையாவது நாள், காரணம் என்ன என்று பதிவார். சில இடங்களில் காரணம் ‘சமூகக் காரணம்’ என்றிருக்கும். கொலை என்று எழுதிவிட்டு மறுநாள் அதே தெருவுக்குத் தடுப்பூசி போடப் போக முடியுமா? ஆனால் அந்தப் பூசிமெழுகலைத் தாண்டியும் கணக்கு பேசும். முதல் வாரத்தில் இயற்கையாகக் கூடுதலாக இறப்பவை ஆண் சிசுக்கள். ஒரு வட்டாரத்தில் இது தலைகீழானால் வேறு சாட்சி தேவையில்லை. பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் இந்தப் பதிவேடுகளைத்தான் ஆராய்ந்தனர். 1997-99-ல் தருமபுரியில் வீதி நாடகங்களோடு நடந்த மக்கள் இயக்கத்துக்குப் பின்னால் அந்த ஆய்வு இருந்தது.

வேண்டாமென்ற பெண் சிசுவை அரசுத் தொட்டிலில் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் இங்கும் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 826 பெண்கள், 2011-ல் 913. இந்த உயர்வுக்குத் தொட்டிலும், நாடகமும், காவல்துறையும், பெண் கல்வியும் தனித்தனியே உரிமை கோரலாம். எது எவ்வளவு உதவியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அன்றே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் சமூகப்பணி மாணவர்களை நூறு வினாத்தாளோடு அனுப்பி ‘விழிப்புணர்வு’ அளப்பதை ஆய்வென்று சொல்லிக்கொள்கிறோம்.

இதற்கிடையே பிரச்சினை தொட்டிலிலிருந்து ஸ்கேன் அறைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 1994-ன் சட்டம் தடுத்தும் கருவின் பாலினம் சொல்லும் கும்பல்கள் இம்மாவட்டத்தில் பிடிபடுகின்றன. பிறக்காத குழந்தையை இறப்புப் பதிவேடு காட்டாது. இம்மாவட்டத்தின் காரிமங்கலம் ஒன்றியத்தில் இன்று கேட்க வேண்டியது வேறு கேள்வி: முதல் குழந்தை பெண்ணாக இருக்கும் வீடுகளில் இரண்டாவதாகப் பிறப்பவற்றில் பெண்கள் எத்தனை? கர்ப்பிணிகள் அரசின் பிக்மி (PICME) இணையதளத்தில் தனி எண்ணோடு பதிவாவதால் தரவுக்குப் பஞ்சமில்லை. ஒரே கிராமத்தின் ஓராண்டுப் பிறப்புகளை மட்டும் வைத்து விகிதம் போட்டால் ஏமாந்துபோவோம். எண்ணிக்கை மிகச் சிறியது. பக்கத்து ஊராட்சிகளையும் நாலைந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது களப்பணியாளருக்குத் தெரிந்துவிடும்.