உப்புக்கு விலை

பாரசீகக் கவிகளைப் பற்றி நம்மில் பலருக்கு ஓர் இனிமையான அபிப்பிராயம் உண்டு. ரோஜாத் தோட்டம், பாடும் பறவை, கையில் கிண்ணம், நடுநடுவே நாலு நீதிமொழி. பொறுமையாக இரு, கிடைத்தது போதும் என்றிரு, நாவை அடக்கு என்பதற்கு மேல் ஷிராஸ் நகரத்து ஸாதி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறோம். (பெயரை 'ஸாதி' என்றே எழுதுகிறேன். 'சாதி' என்று எழுதினால் நம் ஊரில் வேறு வம்பு வந்து சேரும்.)

இந்த அபிப்பிராயம் தவறு மட்டுமல்ல, சௌகரியமான தவறு என்பது என் கட்சி. யாருக்குச் சௌகரியம் என்பதுதான் கேள்வி.

ஸாதி 'குலிஸ்தான்' எழுதியது 1258-ம் வருஷத்தில். அதே வருஷம்தான் மங்கோலியர் பாக்தாத் நகரைச் சூறையாடினார்கள். ஷிராஸ் கப்பம் கட்டித் தப்பித்தது. அப்பேர்ப்பட்ட காலத்தில் எழுதிய அந்தப் புஸ்தகத்துக்கு எட்டு அத்தியாயங்கள். போதுமென்ற மனத்தைப் பற்றியது மூன்றாவது. மௌனத்தின் நன்மையைப் பற்றியது நாலாவது. முதல் அத்தியாயம் யாரைப் பற்றியது தெரியுமா? அரசர்களைப் பற்றியது! நாம் முதல் அத்தியாயத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, மூன்றையும் நாலையும் எடுத்துக்கொண்டு ஏழையின் வீட்டுக்கு உபதேசம் செய்யப் போகிறோம்.

அந்த முதல் அத்தியாயத்தில் ஒரு சின்னக் கதை. நௌஷேர்வான் மன்னன் வேட்டைக்குப் போன இடத்தில் இறைச்சி வாட்டுகிறார்கள். உப்பு இல்லை. பக்கத்துக் கிராமத்துக்கு ஆள் ஓடுகிறான். அவனைக் கூப்பிட்டு, "விலை கொடுத்து வாங்கி வா, சும்மா எடுத்து வந்தால் அது வழக்கமாகிவிடும், ஊர் பாழாய்ப் போகும்" என்கிறான் மன்னன். ஒரு பிடி உப்பினால் ஊர் பாழாகுமா என்று கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு. அநியாயம் ஆதியில் அற்பமாகத்தான் இருந்தது, வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள் என்பது அவன் பதில். அரசன் குடியானவன் தோட்டத்தில் ஒரு பழம் பறித்தால் அவன் சேவகர்கள் மரத்தையே சாய்ப்பார்கள் என்றும் ஸாதி சேர்த்துச் சொல்கிறான்.

இந்தக் கதைக்கு ஒரே வார்த்தையில் உரை சொன்னவர் ஒரு பெரியவர். தர்மபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கு அப்பால், ஏரியூர்க்காரர். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு நாகமரை வரை விரிந்து கிடக்கிறது. ஆனாலும் மானாவாரிக் காட்டில் ராகியும் சாமையும் விதைப்பவன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். தகப்பனார் காலமான பிறகு பட்டாவைத் தம் பெயருக்கு மாற்ற அவர் ஓர் ஆபீஸுக்கு நடந்திருக்கிறார். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. அது எல்லா ஊரிலும் இருக்கிறது. "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "மாமூல்தானுங்க" என்றார். கோபமில்லை, வருத்தமில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மாமூல்! அரபியில் பிறந்து பாரசீகத்தின் வழியாக வந்த சொல். 'வழக்கமானது' என்று பொருள். எது வழக்கமாகிவிடக் கூடாது என்று அந்த மன்னன் அஞ்சினானோ, அதற்கு வழக்கம் என்றே பெயர் வைத்துவிட்டோம். லஞ்சம் என்றால் குற்றம் போல ஒலிக்கிறது. மாமூல் என்றால் பொங்கல் சீர் மாதிரி அல்லவா ஒலிக்கிறது!

பாரசீகம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பாரமகால் என்ற இந்தப் பிரதேசம் 1792 வரை திப்புவிடம் இருந்தது. அவர் சர்க்கார் கணக்கு பாரசீகத்தில் நடந்தது. பிறகு கம்பெனி வந்தது. ரீடின் கீழே நிலவரி நிர்ணயம் செய்த தாமஸ் மன்றோவும் பாரசீகம் கற்றவர். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அந்தப் பாஷையைப் படித்த வழக்கமான பாடப்புஸ்தகம் எது? சாக்ஷாத் குலிஸ்தானேதான்! உப்புக் கதையைப் பாடமாகப் படித்த வர்க்கம் நமக்கு விட்டுப் போனது என்ன? தாசில்தார், சிரஸ்தார், கிஸ்தி, பசலி, ஜமாபந்தி, ரசீது, மாமூல். சொற்கள் ஏரியூர் வரை வந்தன. கதை மட்டும் வழியில் தங்கிவிட்டது.

"ஸாதியும் அரசனை அண்டிப் பிழைத்தவன்தானே?" என்று கேட்பார்கள். ஆம், குலிஸ்தானை ஓர் இளவரசனுக்குத்தான் சமர்ப்பித்தான். அதனால்தான் அவனை மதிக்கிறேன். சோறு போட்டவனுக்கு எதிரே நின்று உப்புக்கு விலை கொடு என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். சோற்றுக்கில்லாதவனிடம் பொறுமையாக இரு என்று சொல்ல என்ன வேண்டும்? நல்ல தொண்டை போதும்.

"கொடுப்பவனும் குற்றவாளி அல்லவா?" என்பார் இன்னொருவர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1988-ம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தி, கொடுப்பவனையும் பிடித்தார்கள். கட்டாயத்தால் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். எட்டாம் நாள் அதே ஜன்னலுக்கு எதிரே, அடுத்த மனுவோடு நிற்கப்போகிறவன் அவன்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா? ஸாதி கிராமத்தானைப் பார்த்து, "உப்பைக் கொடுக்காதே" என்று சொல்லவில்லை. எடுக்கப் போகிறவனின் எஜமானைப் பார்த்துச் சொன்னான்.

வள்ளுவரையும் நாம் இந்தக் கதிக்குத்தான் ஆளாக்கியிருக்கிறோம். பொருட்பாலில் ஆளுகிறவனுக்கென்றே அதிகாரம் அதிகாரமாக எழுதினார். 'கொடுங்கோன்மை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நாமோ குறளைப் பஸ்ஸுக்குள் எழுதி, டிக்கெட் வாங்கி நின்றுகொண்டு போகிறவனைப் படிக்கச் சொல்கிறோம்.

உபதேசம் கெட்டதல்ல, விலாசம் தப்பிப்போன உபதேசம் கெட்டது. மருந்தை நோயாளிக்குக் கொடுக்காமல் அவனால் அடிபட்டவன் வாயில் ஊற்றுவது வைத்தியமாகுமா? ஸாதியின் பெயரால் இனி விழா எடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பள்ளிக்கூடத்துச் சுவரை விட்டுவிடுங்கள். குழந்தைகள் பிறர் உப்பை எடுப்பதில்லை. அந்தக் கதையைப் பெரிய எழுத்தில் எழுதி, அதிகாரியின் நாற்காலிக்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். மனுவோடு நிற்கிறவன் அதைப் படிக்க வேண்டியதில்லை. அவனுக்கு அது மனப்பாடம்.